கொழும்புக்குப் போகாமல் வீட்டிலேயே சீபாப் தொடங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். அப்பாவுக்கு 56 வயது, உப்புவெளியில் வீடு, தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறி ஓடுகிறார். நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்க, கொழும்புத் தனியார் கிளினிக் ஒன்று கூரியரில் அனுப்பிய சிறு கருவியைக் கட்டிக்கொண்டு ஓரிரவு படுத்தார். றிப்போட்டில் ஏஎச்ஐ, அதாவது மணித்தியாலத்துக்கு மூச்சுத் தடைப்பட்ட தடவை, 38; ஒட்சிசன் ஆகக் குறைந்தது 74 சதவீதம். மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு ஊதித் தொண்டை அடைபடாமல் வைக்கும் சீபாப் மெசினையும் கூரியரில் அனுப்பி வீடியோ கோலில் தொடக்கிவிடுகிறோம் என்று அதே கிளினிக் சொல்கிறது. ரொறன்ரோ மாமா, தான் முன்பு பாவித்த மெசின் சும்மா கிடக்கிறது, அனுப்பவா என்கிறார். அப்பாவோ எப்போது திரும்ப லொறி எடுக்கலாம் என்பதிலேயே நிற்கிறார். வீடியோவில் தொடங்குவது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன்: நடுச்சாமத்தில் ஏதாவது பிழைத்தால், 260 கிலோமீற்றர் தள்ளி இருப்பவர் எதைப் பார்த்து, எதைத் திருத்துவார்?

நித்திரை மூச்சுத்தடைக்கு மெசின் தொடக்கி, பிறகு ஆக்களைப் பின்தொடரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பொருத்தமான ஆளுக்கு வீட்டில் தொடங்குவது சரியான வழிதான், இரண்டாந்தர வழி இல்லை. அமெரிக்க நித்திரை மருத்துவ அக்கடமி 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: பெரிய உடன்நோய்கள் இல்லாத வளர்ந்தவர்களுக்குத் தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மெசினை வீட்டில் கொடுத்தும் தொடங்கலாம், ஆய்வுகூடத்தில் ஓரிரவு படுக்க வைத்து அழுத்தம் கண்டுபிடித்தும் தொடங்கலாம். தூரத்தால் கெடுவது குறைவு. மெசின் கைக்கு வந்த முதல் இரண்டு கிழமை அதன் கணக்கை ஒருவரும் திறந்து பார்க்காததால் கெடுவதுதான் அதிகம். 2018 இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பாவனை தினமும் கண்காணிக்கப்பட்டு அதற்கேற்பச் செய்தி அனுப்பப்பட்ட ஆக்கள் மெசினைக் கூடுதல் நேரம் போட்டார்கள். விளக்க வீடியோ மட்டும் அனுப்பப்பட்டவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆகவே கிளினிக்கிடம் நீங்கள் வாங்குவது மெசினை மட்டும் அல்ல, அந்தக் கண்காணிப்பையும் சேர்த்துத்தான். காசு கட்டுமுன் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

யாருக்கு வீட்டில் தொடங்கக்கூடாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இதயம் பலவீனமாகி நீர் சேரும் நோய், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், முன்பு பக்கவாதம், தசை நரம்பு நோய், மோர்பின் வகை வலிமாத்திரை, அளவுக்கு மீறிய உடல் எடையோடு பகலிலும் ஒட்சிசன் குறைந்திருத்தல், இவற்றில் ஒன்றாவது இருந்தால் ஆய்வுகூடத்திலோ வார்டிலோதான் தொடங்க வேண்டும். காரணம், இவர்களுக்குத் தொண்டை அடைபடுவது மட்டும் பிரச்சினையாக இருக்காது. மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை வராமல் நிற்கும் சென்ட்ரல் வகைத் தடை இருக்கலாம், காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கலாம். சாதாரண சீபாப் இரண்டையும் சரிப்படுத்தாது. அப்பா நல்ல பருமன் என்றால், உட்கார்ந்து விழித்திருக்கும்போது விரலில் ஒட்சிசன் எவ்வளவு என்று பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல்மானி பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. கூடவே இரத்தத்தில் பைகாபனேற் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லீற்றருக்கு 27 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் காபனீரொட்சைட்டுத் தேக்கம் இருக்க வாய்ப்புக் குறைவு. 27 அல்லது அதற்கு மேல் என்றால் வீடியோ கோலைத் தள்ளிவைத்து நேரில் காட்டுங்கள். இந்தச் சோதனைகளுக்கும் ஈசீஜீக்கும் கொழும்பு வேண்டாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். மூக்கு எலும்பு வளைந்திருக்கிறதா, தொண்டைச் சதை பெருத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டொக்டர் ஒருவர் நேரில் பார்ப்பதும் நல்லது. கமராவில் அது வடிவாகத் தெரியாது.

இதோடு ஒன்று. கொரோனா நேரத்து ஒட்சிசன் மெசின் வீட்டில் இருக்கிறது, இரவில் அதைப் போட்டால் போதாதா என்று சொந்தக்காரர் யாராவது கட்டாயம் சொல்வார்கள். போதாது. ஒட்சிசன் அடைபட்ட தொண்டையைத் திறக்காது. விரல்மானியின் எண்ணை அழகாக்கிவிட்டு, தடைகளை இன்னும் நீட்டவும் காபனீரொட்சைட்டைக் கூட்டவும் கூடும்.

றிப்போட்டை எப்படி வாசிப்பது? ஏஎச்ஐ என்பது மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு முழுதாகவோ பகுதியாகவோ 10 விநாடிக்குக் குறையாமல் தடைப்பட்டது என்ற கணக்கு. 5க்குக் கீழ் வழமை, 15 வரை மெல்லியது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. வீட்டுக் கருவி மூளை அலையைப் பார்ப்பதில்லை. மூக்குக் குழாய், நெஞ்சுப் பட்டி, விரல்மானி இவ்வளவும்தான். ஆள் உண்மையில் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டார் என்று அதற்குத் தெரியாது, பதிவு ஓடிய நேரத்தால் வகுத்துவிடும். அதனால் வீட்டுச் சோதனை எண் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். 38 வந்திருக்கிறது என்றால் கடுமையானது என்பதில் சந்தேகம் வேண்டாம். 74 என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விரல்மானி நழுவினாலும் அப்படி ஒரு பள்ளம் விழும். ஆகக் குறைந்த எண்ணைவிட, 90க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்ற வரிதான் பயன்படும். தடைகளில் சென்ட்ரல் எத்தனை என்ற வரியையும் தேடுங்கள். அது கணிசமாக இருந்தால் வீட்டில் தொடங்குவதைப் பற்றி டொக்டரோடு மறுபடி கதைக்க வேண்டும்.

மாமாவின் மெசினுக்கு வருவோம். கனடா மின்சாரம் வேறு என்று பயப்படத் தேவையில்லை. இப்போதைய மெசின்களின் அடப்டர் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும். அடப்டரில் அச்சடித்திருப்பதை ஒருதடவை பார்த்துவிட்டு, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். பார்க்க வேண்டியது மாதிரியின் பெயர். ரெஸ்மெட் எயார்சென்ஸ் 10 வரிசையில் ஓட்டோசெற் என்று இருந்தால் தானாக அழுத்தம் மாற்றும். எலீற் என்றால் ஒரே அழுத்தம். வெறும் சீபாப் என்ற மாதிரி எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதற்கு மேல் உருப்படியாக எதுவும் சொல்லாது, தொலைவிலிருந்து தொடங்குவதற்கு அது உதவாது. பிலிப்ஸ் என்றால் இன்னும் கவனம். முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மாதிரிகளை 2021 ஜூனில் அந்த நிறுவனம் திருப்பி அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்றுப்பாதைக்குள் வரக்கூடும் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் அந்தப் பஞ்சுக்கு ஆகாது, நம் ஊரில் இரண்டும் தாராளம். தொடர் இலக்கத்தை வாங்கி, திருத்திக் கொடுக்கப்பட்டதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல மாதிரியாக இருந்தாலும் மாஸ்க், ரியூப், காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி, வடிகட்டி எல்லாம் புதிதாக வேண்டும். மாமாவின் அழுத்தம் மாமாவின் தொண்டைக்குரியது, அதை அழித்துவிட்டுத்தான் அப்பாவுக்கு அமைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், உள்ளே இருக்கும் மொடெம். மெசின் தானே கைத்தொலைபேசி வலையமைப்பில் இணைந்து இரவுக் கணக்கை டொக்டரின் திரைக்கு அனுப்பும், டொக்டர் அங்கிருந்தே அழுத்தத்தை மாற்றுவார் என்பதுதான் தொலைப் பராமரிப்பின் அடிப்படை. வேறு நாட்டில் விற்ற மெசினின் மொடெம் இங்கே இணையும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிளினிக் தரும் மெசினுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: “உப்புவெளியில் இது தானாகக் கணக்கு அனுப்புமா, அனுப்பாவிட்டால் என்ன வழி?” வழி இருக்கிறது. பல மெசின்களில் ஒரு எஸ்டி கார்ட் இருக்கும். அதைக் கழற்றி, பக்கத்திலுள்ள சிறு பூட்டை லொக் பக்கம் தள்ளிவிட்டுக் கொம்பியூட்டரில் செருகுங்கள். தள்ளாவிட்டால் கொம்பியூட்டர் தன் கோப்பை அதில் எழுதிவிட, சில மெசின்கள் பிறகு அந்தக் கார்ட்டை ஏற்க மறுக்கும். உள்ளிருக்கும் கோப்புறைகளை அப்படியே கிளினிக்குக்கு அனுப்பலாம். ஒஸ்கார் என்ற இலவச மென்பொருளில் நீங்களே திறந்தும் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால், காலையில் திரையில் வரும் நித்திரை அறிக்கையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டாலே முதல் கிழமைக்குப் பாதி வேலை முடியும். ஆனால் அந்தப் படத்தை அடுத்த நாளுக்குள் பார்ப்பவர் யார், அழுத்தத்தை மாற்ற அதிகாரம் உள்ளவர் யார் என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதி பார்ப்பார் என்பது பதிலாகாது.

தொலைவிலிருந்து செய்ய ஆகக் கஷ்டமானது மாஸ்க். இங்கேதான் வீட்டில் ஒருவரின் கை வேண்டும், அது நீங்களோ அம்மாவோ என்று முதலே முடிவு செய்யுங்கள். மூன்று வகை உண்டு: மூக்குத் துளைக்குள் பொருந்தும் சிறு தலையணை, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. மூக்கால் மூச்சுவிட முடிகிறவருக்கு மூக்கு மாஸ்க்கில் தொடங்குவதே என் தெரிவு. முழு மாஸ்க் கூடுதலாகக் கசியும், பெரும்பாலும் கூடுதல் அழுத்தமும் கேட்கும். வாயைத் திறந்து படுப்பவர் என்று கேட்டவுடனேயே முழு மாஸ்க்கை அனுப்பிவிடுகிறார்கள். தொண்டை அடைப்பதால் வாயைத் திறந்தவர்களில் பலர், அடைப்பு நீங்கியதும் தாமாக மூடிக்கொள்வார்கள். அளவுக்கு, மூக்கின் அடியில் அகலமான இடத்தில் அடிமட்டத்தைப் பிடித்து நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் அனுப்புங்கள். ஒரு அளவு மட்டும் அனுப்பாமல், இரண்டு மூன்று குஷன் (முகத்தில் ஒட்டும் சிலிக்கன் பகுதி) அளவுகள் உள்ள பெட்டியாக அனுப்பச் சொல்லுங்கள்.

போடும் முறை இது. முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்திருந்தால் சிலிக்கன் வழுக்கும், சில மாதத்தில் குஷனும் தளர்ந்துவிடும். மீசை தடிப்பாக இருந்தால் மேலுதட்டோரம் கொஞ்சம் கத்தரிக்க அப்பாவைச் சம்மதிக்க வையுங்கள். பட்டிகளை எல்லாம் தளர்த்தி, குஷனை முகத்தில் வைத்து, பின்னால் மாட்டி, மெசினை ஓடவிட்ட பிறகுதான் இறுக்க வேண்டும். அதுவும் படுத்த நிலையில். உட்கார்ந்து பொருத்திய மாஸ்க், படுத்ததும் கன்னம் சரிய இடம் மாறிவிடும். பட்டிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். குஷன் இரட்டை மடிப்புள்ளது, உள்மடிப்பு காற்றில் உப்பித்தான் முகத்தில் ஒட்டும். கசிகிறது என்று இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கி இன்னும் கசியும், மூக்குப் பாலத்தில் புண்ணும் வரும். கசிந்தால் முகத்திலிருந்து மாஸ்க்கை அரை அங்குலம் தூக்கி, உப்பவிட்டு, திரும்ப இருத்துங்கள். வீடியோ கோலின்போது போனை அம்மா கட்டில் தலைமாட்டின் பக்கவாட்டில் பிடிக்கட்டும், வெளிச்சம் முகத்தில் விழட்டும், அப்பா இடம் வலம் திரும்பிப் படுத்துக் காட்டட்டும். கதிரையில் உட்கார்ந்து கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு முடியும் கோலில் ஒரு பிரயோசனமும் இல்லை.

காந்தக் கொழுக்கி உள்ள மாஸ்க் பற்றி நம் பகுதிக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிலிப்ஸ் 2022 இலும் ரெஸ்மெட் 2023 இலும் இதற்கு எச்சரிக்கை வெளியிட்டன. இதய பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், கண்ணுக்குள் உலோகத் துகள் போன்றவை உள்ளவர்கள் இந்த வகை மாஸ்க்கைப் பாவிக்கக்கூடாது. போர்க்காலத்து எறிகணை (ஷெல்) துண்டுகளை உடம்பில் சுமப்பவர்கள் இங்கே குறைவில்லை. அப்பாவுக்கு முகத்திலோ தலையிலோ கழுத்திலோ அப்படி எதுவும் இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்ரிக் கொழுக்கி உள்ள மாஸ்க்கைக் கேளுங்கள். பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

படுக்கை அமைப்பு. மெசின் தலை மட்டத்துக்குக் கீழே, ஒரு சிறு ஸ்ரூலில் இருக்கட்டும். தொட்டித் தண்ணீர் ரியூப் வழியே முகத்துக்கு வராது. நுளம்பு வலை கட்டினால் மெசின் வலைக்கு வெளியே, ரியூப் மட்டும் தலைமாட்டுப் பக்க மடிப்பால் உள்ளே. நுளம்புச் சுருளை மட்டும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள். மெசின் அறைக் காற்றைத்தான் இழுத்து ஊதுகிறது, அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்குமே தவிர புகையைப் பிடிக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வடிகட்டியைக் கிழமைக்கொருமுறை பாருங்கள், நிறம் மாறினால் மாற்றுங்கள். வெள்ளைப் பஞ்சு வகையைக் கழுவக் கூடாது. தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் சரி. பற்றரிக்கு ஊற்றுவதென்று கராஜில் விற்பதை, அது என்னவென்று உறுதியாகத் தெரியாமல் வாங்க வேண்டாம். வடித்த நீர் கிடைக்காத நாளில் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றலாம். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கடலோரக் கிணற்று நீர் சில நாளிலேயே தொட்டி அடியில் வெள்ளைப் படிவம் விடும். அப்போது ஒரு பங்கு வினாகிரியும் பத்துப் பங்கு தண்ணீரும் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். தினமும் காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவிட வேண்டும். குஷனையும் தினம், ரியூபைக் கிழமைக்கொருமுறை மெல்லிய சவர்க்கார நீரில் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். ஓசோன் சுத்திகரிப்புப் பெட்டி என்று ஒன்லைனில் விற்பது தேவையில்லை, மெசினுக்கும் கெடுதல். ஏசி போடும் அறையில் ரியூபுக்குள் நீர் கோர்த்து முகத்தில் சொட்டினால் ஈரப்பத அளவைக் குறையுங்கள், அல்லது ரியூபுக்குத் துணி உறை போடுங்கள். எங்கள் ஈரக்காற்றில் சிலருக்கு சூடாக்கும் தொட்டியே தேவைப்படாது.

மெசின் வந்த முதல் நாளே இரவில் தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் பின்னேரத்தில், ரீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டிருக்கட்டும். பிறகு இரவு. மெசின் திரையில் தொடக்க அழுத்தம் 4 என்று வைத்தால் பெரிய உடம்புக்காரர் பலருக்குக் காற்றுப் போதாதது போல இருக்கும், மூச்சடைக்கிறது என்று கழற்றி எறிவார்கள். இதைக் கூடிய அழுத்தத்தின் பிழை என்று நினைத்து இன்னும் குறைப்பார்கள். உண்மையில் 5, 6 என்று கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும். அதேபோல் 4 முதல் 20 வரை முழுதாகத் திறந்துவிட்டுக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். சில இரவுகளின் கணக்கைப் பார்த்து, 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் நின்றது என்று கண்டு, அதைச் சுற்றி எல்லையைச் சுருக்கித் தர வேண்டும். அந்தச் சுருக்கலைச் செய்கிறார்களா என்பதே கிளினிக்கை அளக்க நல்ல வழி. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் என்று மூன்று கோல்களுக்காவது இப்போதே நேரம் குறித்து வாங்குங்கள். முதல் கிழமையில் சறுக்கியவர் பெரும்பாலும் மெசினை அலுமாரியில் வைத்துவிடுவார்.

காலையில் எதைப் பார்ப்பது? முதலில் கசிவு, பிறகுதான் மற்றவை. ரெஸ்மெட்டில் நிமிடத்துக்கு 24 லீற்றருக்கு மேல் கசிந்தால் மற்ற எண்களை நம்ப முடியாது. வேறு கம்பனி மெசின்களில் மாஸ்க்கின் துவாரத்தால் இயல்பாக வெளியேறும் காற்றையும் சேர்த்துக் காட்டுவார்கள், அங்கே இந்த 24 பொருந்தாது. கசிவு சரியாக இருந்து, மெசின் போட்டும் மிஞ்சும் தடைகளின் கணக்கான மிச்ச ஏஎச்ஐ 5க்குக் கீழ் வந்தால் நல்லது. மெசினின் ஏஎச்ஐ காற்றோட்டத்தை வைத்து மட்டும் போடும் மதிப்பீடு. விழித்துக்கொண்டு புரண்டதையும் சில சமயம் தடை என்று எண்ணும், ஆகவே ஓரிரவு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், ஒரு கிழமையின் போக்கைப் பாருங்கள். அடைப்பு வகை மிஞ்சி, அழுத்தம் மேல் எல்லையில் முட்டிக்கொண்டு நின்றால் எல்லையை உயர்த்த வேண்டும். சென்ட்ரல் வகை மிஞ்சினால் அழுத்தத்தைக் கூட்டக்கூடாது, கூட்டினால் இன்னும் மோசமாகலாம். சிகிச்சை தொடங்கியதும் தலைகாட்டும் சென்ட்ரல் தடை பலருக்குச் சில கிழமைகளில் தானாகக் குறையும், ஆனால் அதைக் காத்திருந்து பார்ப்பதா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எண்ணைக் கண்டதும் அழுத்தத்தைக் கூட்டும் ஆளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சின்னச் சின்ன உபத்திரவங்கள் வரும். வயிறு காற்றால் உப்பினால் மேல் எல்லையைக் குறைப்பது, மூச்சு வெளிவிடும்போது அழுத்தத்தைத் தணிக்கும் வசதியைப் போடுவது, பக்கவாட்டில் படுப்பது உதவும். காலையில் வாய் காய்ந்தால் வாயால் கசிகிறது. மூக்கடைப்பைத் தீர்த்தும் நிற்காவிட்டால்தான் முழு மாஸ்க். மூக்கு அடைத்தால் உப்புநீர்க் கழுவல், டொக்டர் தரும் ஸ்டீரொய்ட் ஸ்பிரே. கண் சிவந்தால் மாஸ்க்கின் மேல்விளிம்பு கசிகிறது. நித்திரைக் குளிசையும் இரவுச் சாராயமும் தொண்டையை இன்னும் தளர்த்தும், மெசின் இருக்கிறது என்ற தைரியத்தில் அவற்றைத் தொடரக்கூடாது. ஆளை எழுப்ப முடியாத மயக்கம், காலையில் குழம்பிய பேச்சு, உதடு நீலம், நெஞ்சுவலி என்று வந்தால் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

கரண்ட் போனால் மூச்சடைத்துவிடுமோ என்று அம்மா பயந்ததாக எழுதியிருந்தீர்கள். அடைக்காது. மாஸ்க்கில் எப்போதும் திறந்த துவாரம் உண்டு, முழு மாஸ்க்கில் கரண்ட் போனதும் திறந்துகொள்ளும் வால்வும் உண்டு. மூக்கு மாஸ்க்கில் வாய் இருக்கவே இருக்கிறது. பெரும்பாலானோர் காற்று நின்றதும் விழித்துக் கழற்றிவிடுவார்கள். அந்த இரவு பழைய குறட்டை திரும்பும், அவ்வளவுதான். அடிக்கடி மின்வெட்டு வருமென்றால் கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். மெசின் கம்பனியின் டிசி அடப்டரும் லிதியம் பற்றரியும் சேர்ந்தால் இலகு. சூடாக்கும் தொட்டியையும் சூட்டு ரியூபையும் நிறுத்திவிட்டால், அழுத்தம் 10 அளவில் ஓடும் மெசின் 10 வாற்றைச் சுற்றியே எடுக்கும். 12 வோல்ற் 20 அம்பியர்மணி பற்றரி ஒன்று அப்படி ஓரிரவை வசதியாகத் தாண்டும்.

எது நிச்சயம், எது இன்னும் வாதத்தில் என்பதையும் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் பிரிப்பதில்லை. ஒழுங்காகப் போட்டால் பகல் தூக்கம் குறையும், குறட்டை நிற்கும் என்பது நிச்சயம். இரத்த அழுத்தம் சராசரியாக இரண்டு மூன்று புள்ளி குறையும், பிரஷர் குளிசையை நிறுத்தும் அளவுக்கல்ல. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா என்பது தீர்ந்த விடயமல்ல. 2016 இல் வெளியான சேவ் என்ற ஆய்வில், ஏற்கெனவே இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோய் இருந்த 2,700 பேருக்கு மேல் பார்த்தார்கள், குறைப்புத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான் போட்டார்கள் என்பது எதிர்வாதம். இரவுக்கு 4 மணித்தியாலம் போட்டால் போதும் என்று கேள்விப்படுவீர்கள். அது அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயார் பணம் கட்டுவதற்கு வைத்த எல்லை. நித்திரை கொள்ளும் நேரம் முழுவதும், பகலில் கண்ணயர்ந்தாலும், போட வேண்டும்.

கடைசியாக லொறி. இப்போது ஓட்டக்கூடாது. 38 என்ற எண்ணோடு பகலில் கண் சொருகும் ஆள், விடியப்புறத்தில் ஹபரணைப் பக்கமிருந்து கந்தளாய் நோக்கி வரும் வீதியில், யானையும் குறுக்கிடும் இடத்தில், பாரம் ஏற்றிய லொறியோடு இருக்கக்கூடாது. ஜன்னலைத் திறப்பதும் வெற்றிலை போடுவதும் அதற்கு மருந்தல்ல. எவ்வளவு காலம் என்று நாள் சொல்ல முடியாது, ஆனால் அளவு சொல்லலாம். இரண்டு கிழமையாவது தொடர்ந்து, நித்திரை நேரத்தின் பெரும்பகுதிக்கு மாஸ்க் முகத்தில் இருந்திருக்க வேண்டும். மிச்ச ஏஎச்ஐ இறங்கி நிற்க வேண்டும். எப்வேர்த் என்ற எட்டுக் கேள்விக் கணக்கில் 24க்கு 10 அல்லது அதற்குக் கீழ் வர வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு அப்பாவைத் தனியாகப் பதில் எழுத விடாதீர்கள். லொறி எடுக்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் பூச்சியம் போடுவார். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். இவற்றைப் பார்த்து டொக்டர் எழுத்தில் சரி சொன்ன பிறகு, முதலில் பகல் ஓட்டம், தூரம் குறைவானது. இரவு தம்புள்ளையில் தங்கிப் படுப்பதானால் மெசினும் கூடப் போக வேண்டும். லொறி பற்றரி 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று பார்த்து அதற்குரிய டிசி அடப்டரை வாங்குங்கள், புறப்படுமுன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். தண்ணீரோடு குலுங்கிப் போனால் மெசினுக்குள் நீர் இறங்கி மோட்டர் போய்விடும்.